இடது பக்கம் வந்த விமானம்

பஸீருக்கு நாற்பத்தாறு வயது. மாத்தளை கொங்காவெலயில் வீடு. பல்லேபொலப் பக்கத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். காலை ஐந்தரைக்கு வேனை எடுத்தால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பின்னேர அஸர் தொழுகையை முடித்து வந்து, முன்னறை மூலையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்து, 1942ஆம் ஆண்டின் ஹரிக்கேன் போர் விமானத்தில் ஏறுவார்.

விளையாட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கேம் இல்ல, சிமியுலேட்டர்" என்று மனைவி நூருன்னிஸாவைத் திருத்துவார். என்ஜினைக் கிளப்பவே எட்டுக் காரியம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்க மறந்தால் ஓடுபாதையிலேயே சூடேறி நின்றுவிடும். பழைய கதவுப் பிணைச்சல்களையும் பலகைத் துண்டுகளையும் வைத்துக் கால் பெடல்களை அவரே செய்திருந்தார். திரைக்காக நாற்பது அங்குல டீவியை முகத்துக்கு மிக நெருக்கமாக நிறுத்தியிருந்தார். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும். சாப்பாட்டுத் தட்டு ஹரிக்கேனாகிவிடும், தேநீர்க் கோப்பை ஜப்பான்காரனின் ஸீரோ விமானமாகிவிடும். "ஸீரோவோட வட்டம் போட்டுச் சண்டை பிடிக்கப் போனா செத்தீங்க. மேல இருந்து பாஞ்சி, சுட்டுட்டு, கீழ ஓடிறணும்" என்பார்.

அவரோடு சேர்ந்து பறப்பவன் தனுஜன்; அண்ணன் முறையாக அவரை 'நானா' என்று கூப்பிடுவான். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிப் பிரிவில் வேலை, முப்பது வயது. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகமாக வந்தவர்கள். அவன் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தன் வீட்டிலும் இவர் இந்த வீட்டிலுமாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரே வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் பறப்பார்கள்.

ஏப்ரல் மாதத்தில் பஸீர் தொடர்ந்து மூன்று ஞாயிறு சுட்டு வீழ்த்தப்பட்டார்.

"நானா, இடது பக்கம் ஒருத்தன் வாறான்னு மூணு தடவ சொன்னேன்" என்றான் தனுஜன்.

"கேட்டிச்சி. பாத்தேன். ஒண்ணுமே இல்லியே."

அடுத்த ஞாயிறு தனுஜன் நேரே வீட்டுக்கு வந்தான். முந்தைய வாரச் சண்டையின் பதிவைத் திரையில் ஓடவிட்டான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

"நடுவுல பாத்துக்கிட்டே இருங்க. இடது ஓரத்துல என்ன தெரியுது?"

"வானம்."

"இப்ப கண்ணத் திருப்பிப் பாருங்க."

பஸீர் திருப்பினார். ஸீரோ நின்றது. சிறகிலிருந்த சிவப்பு வட்டம்கூடத் தெரிந்தது. தனுஜன் பதிவைப் பின்னோக்கி நகர்த்தினான். அந்த விமானம் ஒன்பது விநாடிகள் திரையில் இருந்திருக்கிறது.

 பஸீருடைய வாப்பா ஐம்பது வயதில் பார்வை இழந்தவர். கடைசிப் பத்து வருடம் மதிலைத் தடவித் தடவியே பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர். அவருக்கும் ஓரத்திலிருந்துதான் தொடங்கியது என்று உம்மா சொல்லியிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க நானா. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுறீங்க."

"காட்டுறேன். இந்தப் பள்ளித் தவணை முடியட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாத."

தனுஜன் தலையாட்டினான்.

பஸீர் டாக்டரிடம் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். விமானத்தில் இருக்கும்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவார். ஐந்தில் இடது பக்கம் பார்ப்பார். திரும்ப ஒன்று, இரண்டு. இரண்டே வாரத்தில் மூன்று ஸீரோக்களை வீழ்த்தினார். பழைய விமானிகளும் இப்படித்தான் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்களாம், கழுத்து உரசிப் புண்ணாகாமலிருக்கப் பட்டுத்துணி கட்டிக்கொள்வார்களாம் என்று தனுஜனிடம் உற்சாகமாகச் சொன்னார். வேனிலும் அதையே செய்தார். ஐந்து எண்ணி இடது பக்கம் ஒரு பார்வை. பின்னாலிருந்த பிள்ளைகள் ஒன்றும் கவனிக்கவில்லை. இதைக் கொண்டே இன்னும் சில வருடங்களை ஓட்டிவிடலாம் என்று நம்பத் தொடங்கினார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பிக்கொண்டிருந்தார். பல்லேபொல தாண்டிய ஒரு வளைவில் எதிரே ஒரு பஸ் நடு ரோட்டை எடுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து வேனை ஒதுக்கியதில் எண்ணுவது விட்டுப்போனது. இடது பக்கம் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினார். ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் வயதான ஒரு பெண் கிடந்தாள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் காத்தாயி. மிளகு பறிக்கப் போய்த் திரும்பியவள். பையிலிருந்த பச்சை மிளகு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் மடங்கியிருந்தது. பஸீரே அவளைத் தூக்கி வேனில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"அந்தம்மா திடீர்னு ரோட்டுக்கு எறங்கிட்டாங்க" என்று பொலிஸில் சிங்களத்தில் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் வார்டுக்குப் போனபோது காத்தாயி காலில் கட்டோடு படுத்திருந்தாள்.

"நான்தான் பாக்காம எறங்கிட்டேன் போல தம்பி. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஒங்களுக்கு வீண் கரைச்சல்" என்றாள்.

"பரவால்லம்மா" என்றார் பஸீர்.

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியது. அதே ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் போய் வரிசையில் உட்கார்ந்தார்.

கண் டாக்டர் ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு தாளைக் காட்டினார். இரண்டு கண்களிலும் ஓரங்கள் கறுத்திருந்தன; இடப் பக்கம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக இருந்தது.

"கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு செத்திருக்கு. போனது போனதுதான். மருந்து விட்டு மிச்சத்தக் கொஞ்ச காலம் பிடிச்சி வைக்கப் பாக்கலாம். எப்ப இருந்து தெரியும்?"

"இப்பதான் டாக்டர்."

வேன் ஓட்டுவதை நிறுத்தினார். அந்த விபத்துக்குப் பிறகு மனசு வரவில்லை என்றார் கேட்டவர்களிடம். நல்ல மனுசன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கண் விஷயத்தை நூருன்னிஸாவிடம் சொன்னார், நேற்றுத்தான் தெரிந்ததைப் போல. அவள் அழுதாள். பிறகு மருந்துப் போத்தலை வாங்கி, காலையும் மாலையும் அவளே கண்ணில் ஊற்றினாள்.

தனுஜன் அந்த வாரம் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அந்தம்மா எறங்குனாங்களா நானா, இல்ல நீங்க பாக்கலியா?"

பஸீர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தெரிஞ்சும் நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேனே" என்றான் தனுஜன். அதன் பிறகு அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்போனை மாட்டினால் வெறும் இரைச்சல்தான். பஸீர் தனியாகப் பறந்து பார்த்தார். வேகத்தைப் பார்த்தால் உயரமானி தெரியவில்லை. உயரமானியைத் தேடிப் பிடிப்பதற்குள் விமானம் கடலுக்குள் போயிருந்தது. மூன்றாவது முறையும் அப்படி ஆனபோது கணினியை அணைத்துத் துணி போட்டு மூடினார்.

செப்டெம்பரில் ஒரு நாள் பஸ் ஏறிப் பல்லேபொலப் பக்கம் போனார். லயத்து வாசலில் காத்தாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. பக்கத்தில் ஒரு கம்பு. அவளுடைய மருமகள் ரஜனி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி" என்றாள் காத்தாயி.

"கண்ண மூடிக்கிட்டு ரோட்டுல நடந்துட்டு, இப்ப எல்லாத்துக்கும் நான்தான் தூக்கி விட வேண்டியிருக்கு" என்று ரஜனி உள்ளிருந்தே சொன்னாள். தினமும் சொல்லிப் பழகிய குரல் அது. காத்தாயி கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

பஸீர் அவள் எதிரே குந்தினார். "நீங்க ரோட்டுக்கு எறங்கல்லம்மா. ஓரமாத்தான் போயிருப்பீங்க. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. நான்தான் பொய் சொன்னேன்."

காத்தாயி கம்பை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுகிட்டேவா ஓட்டுனீங்க?"

"ஆமா."

"புள்ளைங்கள வச்சிக்கிட்டா?"

"ஆமா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "அத அவகிட்டயும் சொல்லுங்க" என்றாள் காத்தாயி. ரஜனி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். பஸீர் எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னார். ரஜனி சத்தம் போடவில்லை. "இப்ப வந்து சொல்லி என்னத்துக்கு? கால் நிமிந்துருமா?" என்றாள். மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ஓரமாத்தான் நடந்தேன்னு எம் மனசுக்குத் தெரிஞ்சிச்சி" என்றாள் காத்தாயி. "எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சின்னு நானே நம்பிட்டேன். நீங்க போங்க தம்பி. இனிமே வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் நூருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்; ஏப்ரலிலேயே தெரியும் என்பது உட்பட.  அவள், "நதாவும் அந்த வேன்லதானே பள்ளிக்குப் போனா?" என்று கேட்டாள். நதா அவர்களுடைய ஒரே மகள். முன் சீட்டில், அவருக்கு இடது பக்கத்தில்தான் உட்கார்ந்து போவாள்.

பஸீர் மறுநாள் பொலிஸுக்குப் போய் முன்பு சொல்லியிருந்ததை மாற்றிச் சொன்னார். லைசன்ஸை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு திகதி போடுகிறார்கள். காத்தாயி மறுபடி மிளகு பறிக்கப் போகவில்லை. பஸீருக்கு இப்போது நேர் எதிரே ஒரு தட்டளவு இடம்தான் தெரிகிறது. அடுத்த வருடம் அதுவும் இருக்காது என்கிறார் டாக்டர். நூருன்னிஸா காலையும் மாலையும் வந்து, அவர் நாடிக்குக் கீழே கை வைத்து முகத்தை நிமிர்த்தி, மருந்தை ஊற்றிவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.