வாலுவைப் பின்னால் நிறுத்து

"பேர் கேக்குதும்மா" என்றார் அத்தை.

டிவியில் இரும்புச் சட்டை போட்ட வீரன் ஒருவன் கையைத் தொங்கவிட்டு நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலே ஒரு காலிக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். அத்தை யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தார். யோசிக்கவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"வாலுன்னு போடு."

ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். என் கணவரைச் சின்ன வயதில் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வளர்ந்து, தொப்பை போட்டு, லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போய்வந்தபோதும் அவரைப் பெற்ற அத்தைக்கு அவர் வாலுதான். போன வருஷம் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

டிவியோடு இணைத்திருக்கும் வீடியோ கேம் பெட்டி அவருடையது. அவர் பாதியில் விட்ட ஆட்டம் அதில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, ஆனாலும் தொடவில்லை. புது ஆட்டம் தொடங்கலாம் என்று சொன்னது அத்தைதான். வேலை விட்டு வந்தால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். சீரியல் பார்க்கலாமென்றால் அதில் வாரத்துக்கு ஒருவர் செத்துத் தொலைகிறார், உடனே சேனலை மாற்ற வேண்டியிருக்கிறது. "அப்படி என்னத்தத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்னு நாமளும் பாப்போமே" என்றார் அத்தை.

எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும், துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம். கட்டம் கட்டமான தரை. நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும், பிறகு எதிரிகள் நகர்வார்கள். அவசரம் கிடையாது, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துகூட அடுத்த அடி வைக்கலாம். சண்டை போடப் போட நம் ஆள் பலசாலி ஆவான். அடிபட்டுச் செத்தால் செத்ததுதான், அடுத்த சண்டைக்கு வர மாட்டான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தேன்.

அத்தை சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவர். கை விரல்கள் சட்டென்று பழகிக்கொண்டன. ஆட்களை நகர்த்தும்போதெல்லாம் அவருடைய வலது கால் தையல் மெஷினை மிதிப்பதுபோலத் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. வில்லாளிக்கு 'சூப்பர்வைசர்' என்று பேர் வைத்துவிட்டு, முதல் சண்டையிலேயே அவனை ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவில் தனியாக அனுப்பினார். அவன் விழுந்ததும் அவ்வளவு சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டுப் போனேன். காயம் ஆற்றும் வைத்தியக்காரிக்கு 'கண்ணாடி' என்று பேர். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தக் கிண்டல்.

வாலு மட்டும் சண்டைக்கே போகவில்லை. ஒவ்வொரு முறையும் மரத்துக்குப் பின்னாலோ சுவர் மூலையிலோ அவனை நிறுத்திவைத்தார் அத்தை. பக்கத்தில் காவலுக்குக் கண்ணாடி.

"அவனை முன்னாடி விடுங்க அத்தை. சும்மா நின்னா எப்படி பலம் வரும்?"

"இருக்கட்டும். மத்தவங்க போகட்டும்."

தப்பித் தவறி ஓர் அம்பு வாலு மேல் பட்டால் போதும், அத்தை எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுவார். மறுபடி போட்டால் ஆட்டம் அந்தச் சண்டையின் ஆரம்பத்துக்குப் போய்விடும், வாலு ஒரு கீறலும் இல்லாமல் நிற்பான். பெட்டி கெட்டுப்போகும் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். கெட்டால் கெட்டுப் போகட்டும்.

இப்படியே மற்றவர்கள் மலைபோல வளர்ந்தார்கள். வாலு மட்டும் கிளம்பிய அன்று இருந்த அதே பிள்ளைப்பூச்சி.

இதற்கிடையில் கடையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள், பொறுப்பாக நீ போகிறாயா என்றார். எனக்குப் போக வேண்டும்போல இருந்தது. என் கணவரின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிற வீட்டிலிருந்து, அவர் துண்டு தொங்குகிற கொடியிலிருந்து, எங்காவது போய் ஒரு முறை முழுசாக மூச்சுவிட வேண்டும்போல இருந்தது. அத்தையை உடன் அழைக்கலாமென்றால், கம்பெனியையும் இந்த வீட்டையும் விட்டு அவர் நகர மாட்டார். அவரைத் தனியே விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை சொல்கிறேன் என்று இழுத்துவிட்டு, வீட்டில் மூச்சுக் காட்டாமல் இருந்தேன்.

அந்த வாரம்தான் நாங்கள் பாலத்துக்கு வந்தோம். அந்தச் சண்டையில் ஜெயிக்க வேண்டியதில்லை, தப்பித்தால் போதும். பாலத்துக்கு அக்கரையில் படகு நிற்கிறது. பின்னாலிருந்து எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைத் தடுக்கப் பாலத்தின் முனையில் கனத்த இரும்புச் சட்டை போட்டவன் ஒருவன் நிற்க வேண்டும். எங்களிடம் கனத்த சட்டை வாலுவுக்கு மட்டும்தான். பலசாலியாக இருந்தால் எல்லாரையும் ஏற்றிவிட்டு அவனும் வந்து சேர்ந்துவிடலாம். எங்கள் வாலுவால் இரண்டு அடி தாங்க முடியாது. ஒவ்வொரு சாயங்காலமும் அங்கேயே வந்து மாட்டிக்கொண்டோம். கண்ணாடி அவன் பின்னால் நின்று காயத்தை ஆற்றிக்கொண்டே இருப்பாள், எதிரிகள் நெருங்குவார்கள், அத்தை போய்ச் சுவிட்சை அணைப்பார்.

"முதல்லேருந்து ஆரம்பிக்கலாம் அத்தை" என்றேன் வெள்ளிக்கிழமை. "இந்த தடவை அவனையும் சண்டைக்கு விட்டு வளர்த்தா இங்க வரும்போது தாங்குவான்."

வாலுவும் கண்ணாடியும்தான் பாக்கி, மற்றவர்கள் படகில் ஏறியிருந்தார்கள். அத்தை கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். பாலத்தின் மேல் அவள் போகக்கூடிய கட்டங்கள் நீலமாக ஒளிர்ந்தன.

"அவளை ஏன் நகர்த்துறீங்க? அவ போயிட்டா அவன் உடனே செத்துடுவான்."

"இவ இங்க நின்னா மட்டும் பொழச்சிடுவானா?" அத்தை டிவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ரெண்டு பேரும்தான் சாவாங்க. உன் முதலாளி காலையில ஃபோன் பண்ணாரும்மா. நீ குளிச்சிக்கிட்டிருந்தே."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல அத்தை."

"அதத்தான் அவரும் கேட்டாரு. அவ வருவான்னு நான் சொல்லிட்டேன்."

கண்ணாடி பாலத்தில் ஓடிப் படகில் ஏறினாள். வாலு தனியாக நின்றான், முதல் நாள் நின்றதுபோலவே கையைத் தொங்கவிட்டு. எங்கள் முறை முடிந்ததா, எதிரிகள் நகரலாமா என்று ஆட்டம் கேட்டது. அத்தையின் கால் தரையை வேகவேகமாக மிதித்துக்கொண்டிருந்தது. அவர் தலை ஒருமுறை சுவிட்ச் பக்கம் திரும்பியது. எனக்கே எழுந்துபோய் அதை அணைத்துவிட வேண்டும்போல இருந்தது. போக விடாமல் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் இவனையே பின்னாடி நிறுத்தி வெச்சேன்" என்றார். "இப்ப இவனாவது ஒரு தடவை சண்டை போடட்டும்."

பொத்தானை அழுத்தினார். வாலு கேடயத்தைத் தூக்கினான். முதல் அடியைத் தாங்கினான், திருப்பி ஒன்று கொடுக்கவும் கொடுத்தான். அத்தை "அடி" என்றார், குரலே வராமல். அடுத்த அடியில் அவன் மண்டியிட்டு, மங்கி, அந்தக் கட்டம் வெறும் கட்டமானது. நான் வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

அத்தையின் கால் நின்றிருந்தது. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. டிவியில் படகு கிளம்பியது. மற்றவர்கள் எல்லாரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வரைந்தவர்கள் ஏன் அப்படி வரைந்தார்களோ, கண்ணாடி மட்டும் கரையைப் பார்த்தபடி நின்றுகொண்டு போனாள்.