கிடங்கு வாசலில் ஒரு தீர்ப்பு

புர்ஹான்கான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உஸ்பெக் நாட்டு மர்கிலான் நகரத்தின் தலைமைக் காஜியாக, அதாவது ஷரீஅத் நீதிபதியாக, இருந்தவர். சோவியத் அரசு ஷரீஅத் நீதிமன்றங்களை மூடிய பிறகு, நான் வேலை பார்த்த பட்டுக்கூடு கிடங்கில் காவலாளியாகச் சேர்ந்தார். வெள்ளைத் தலைப்பாகை போய், எங்களைப் போலவே சாதாரணத் தொப்பி.

முதல் வாரமே சுமை தூக்கும் எர்கஷ் அவரை வம்புக்கு இழுத்தான்.

"என்ன காஜியாரே, புழுவை உசுரோட அவிக்கிறோமே, பாவமில்லையா? ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

"சாட்சி யாரு?"

"புழுதான்."

"அப்ப கூட்டிட்டு வா."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பதவி போனதில் வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னார்.

"புகாராவுல படிச்சு முடிச்சு வந்த புதுசுல, ஒருத்தனை சத்தியம் பண்ண வச்சா அன்னைக்குத் தூக்கம் வராது. பொய் சொல்லிட்டானோன்னு புரண்டுக்கிட்டே கிடப்பேன். அப்புறம் அது நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னுகூடத் தெரியல. பதவி போன அன்னைக்கும் நல்லாத் தூங்கினேன்."

கூடு வரத்து அதிகமாக இருந்த ஒரு மதிய நேரத்தில் முகத்திரை போட்ட பெண்ணொருத்தி வாசலுக்கு வந்தாள்.

"ஹஜ்ரத், நான் மஸ்துரா. யுல்தாஷ் பொண்டாட்டி."

அவருக்கு உடனே நினைவு வந்தது. ஜார் காலத்துப் போரின்போது, ரஷ்யாவில் கூலி வேலை செய்ய ஆள் பிடித்துப் போனார்கள். அதில் போன யுல்தாஷ் திரும்பவேயில்லை. இருக்கிறானா, இல்லையா என்று சொல்லவும் யாருமில்லை. மஸ்துரா ஆண்டுதோறும் அவருடைய நீதிமன்றத்துக்கு வந்து அந்தத் திருமணத்திலிருந்து விடுதலை கேட்டாள். அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்துச் சட்டம். இன்னொரு மத்ஹபில், அதாவது இஸ்லாமியச் சட்டத்தின் வேறொரு பிரிவில், நான்கு ஆண்டுகள் போதும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். மற்ற உலமாக்கள், மார்க்க அறிஞர்கள், என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு முறையும் அவளைத் திருப்பி அனுப்பினார்.

"புதுக் கோர்ட்டுல விவாகரத்து குடுத்துட்டாங்க ஹஜ்ரத். ஊத்துன டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அல்லா கிட்ட இது செல்லுமா?"

"செல்லும். நீ இனிமே அவன் பொண்டாட்டி இல்ல."

"இதை அப்பவே நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

திரைக்குள் அவள் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"யாரைக் கட்டிக்கப் போற?" என்று கேட்டார்.

"யாருமில்ல. என்னைக் கேட்ட தையல்காரர் ரொம்ப வருஷம் பாத்துட்டு, போன குளிருக்கு வேற பொண்ணைக் கட்டிக்கிட்டார். நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லைன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

ஸலாம் சொல்லிவிட்டுப் பட்டறைத் தெருப் பக்கமாக நடந்து போனாள்.

நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கஷ்டமா இருக்கா காஜியாரே?"

"இருக்கணும்ல?" என்றார். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார், சட்டைப்பையில் எதையோ தேடுபவர் போல. "ஒண்ணும் வரலப்பா."

தெருவில் பட்டுக்கூடு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.