அம்மா சத்தத்தில் ஒரு விண்ணப்பம்

எங்கள் ஊர் நகராட்சியில் இறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் இறந்தவர்தான் வந்து கேட்க வேண்டும். ஒருத்தர் சாவைப் பற்றி விசாரிக்க இன்னொருத்தருக்கு என்ன உரிமை இருக்கிறது? நியாயமான விதிதான். யாரும் குறை சொன்னதில்லை.

பிறப்பு இறப்புப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த மரப்பலகை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். பலகைக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகம் சார் உட்கார்ந்திருப்பார். அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். இறந்தவர்களுக்கு முகம் முன்னேபின்னே மாறியிருக்கும், அதை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. சத்தம் போதும். பேரும் தெருவும் கேட்டுவிட்டுக் கடைசியில், "வீட்டு ஆளைக் கூப்பிடுங்க" என்பார். உயிரோடு இருந்தபோது வீட்டில் இருந்தவரை எப்படிக் கூப்பிட்டார்களோ, அப்படியே கூப்பிட வேண்டும். அதுதான் அத்தாட்சி. சரியாக இருந்தால் உள்ளே முத்திரை விழும்.

சிலர் தாங்களே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பலருக்கு நேரம் ஒழிவதில்லை. அப்படிப்பட்டவர்களின் வீட்டார் என்னைத் தேடி வருவார்கள், ஏனென்றால் எனக்கு எந்தச் சத்தமும் வரும். ஹெட்மாஸ்டர் சத்தத்தில் பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக் குக்கர் மாதிரி விசிலடித்து வேகாத பருப்பை இறக்க வைத்திருக்கிறேன். கவுண்டரில் நான் செய்வதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. சத்தம் அவர்களுடையதுதானே, வாய்தான் என்னுடையது.

டிரில் மாஸ்டர் தேவசகாயத்துக்காகப் போனபோது, பேர் சொன்ன கையோடு ஒரு அதட்டும் போட்டேன். "என்னவே கூன் போட்டு உக்காந்திருக்கீரு? நிமிரும்!"

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "நிமிந்துட்டேன் சார்" என்றார் கோமதிநாயகம்.

தையல்கடை அந்தோணிசாமிக்கு அப்படி விளையாட முடியவில்லை. சான்றிதழ் கையில் வந்த பிறகும் அவர் மனைவி ரோஸ்மேரி அக்கா வாசலில் என்னை நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவ. 'ரோசு, கண்ணாடிய எங்க வச்ச'ன்னு கேளு."

கேட்டேன்.

"ஒங்க நெத்தியிலதான் ஏறிக் கெடக்கு" என்றார் அக்கா. என் நெற்றியைத் தொட்டு, இல்லாத கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் பெரிதாகத் தெரிந்தது.

இதெல்லாம் ஊராருக்கு. எங்கள் வீட்டுக்கும் ஒரு சான்றிதழ் பாக்கி இருந்தது.

அம்மா இறந்தபோது எனக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டில் அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் சீனி வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை ரேஷன் கடைக்காரர், ஒன்று ஆளைக் கூட்டி வாருங்கள், இல்லை சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஊருல செத்தவன் சத்தமெல்லாம் பேசுத. ஒங்கம்மைக்கும் ஒருக்க போயிட்டு வந்துரு."

"அம்மா சத்தம் எப்படிப்பா இருக்கும்?"

கம்பி நின்றது. "காதுக்குள்ளயேதான் இருக்கு. வாய்க்கு வரமாட்டேங்கு."

வீட்டில் இருக்கும் ஒரே போட்டோவில் அம்மா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். சான்றிதழ் அப்பாவுக்கும் ரேஷன் கடைக்கும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம். ஊர்ச் சத்தமெல்லாம் கிடந்து இரைகிற என் வாயில் அது மட்டும் இல்லை.

சேகரிக்கக் கிளம்பினேன். சத்தங்களை நான் கடைவாயில் அடக்கிக்கொள்வதுதான் வழக்கம். அதனால் ஒரு வாய் கொப்பளித்துவிட்டுப் போனேன்.

மாவு மில் சங்கரபாண்டி அண்ணாச்சி பெல்ட்டை நிறுத்தாமலே கத்தினார். "மில்லு எரைச்சலுக்கு மேல பேசுவா ஒங்கம்மை. அதுல தொண்டை கொஞ்சம் ஒடைஞ்ச மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும், வெல்லக்கட்டிய ஒடைச்ச மாதிரி." அந்த உடைசலை இடது கடைவாயில் வைத்துக்கொண்டேன்.

அம்மா தினமும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பஸ்ஸின் கண்டக்டர் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். அவர் ஒரு இழுப்பைக் கொடுத்தார். "டிக்கெட் கேட்டா ஊர் பேரைக் கடைசியில இழுப்பா பாரு, பஸ்ஸே கூட ரெண்டடி தள்ளித்தான் நிக்கும். ஆனா சரியான மறதிக்காரி. குடைய சீட்டுலயே விட்டுட்டு இறங்கிருவா. எத்தனை மட்டம் நான் பின்னாலயே ஓடிருக்கேன்!"

சித்தி சொன்னாள்: "அக்கா சிரிச்சுக்கிட்டேதாம்ல திட்டுவா. திட்டு முடிஞ்ச பெறவும் சிரிப்பு மிச்சம் கெடக்கும்." அதையும் வாங்கிக்கொண்டேன்.

"என்னைய எப்படிக் கூப்பிடுவா சித்தி?"

"இசக்கிராஜான்னு பேரு வச்சதோட சரி, அவ ஒருநாளும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. வேற என்னமோ வச்சிருந்தா. நாங்க பக்கத்துல போனா வாய மூடிக்கிடுவா. செல்லப்பேரு வெளிய தெரிஞ்சா பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு பயம்."

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "எனக்கே கண்ணு இருக்குல்லா" என்றார்.

கூப்பிடத் தெரியாமல் கவுண்டருக்குப் போவது, விரல் இல்லாமல் ரேகை வைக்கப் போவது மாதிரி. இருந்தாலும் மறுநாள் காலையில் போய் நின்றேன்.

"பேரு?"

உடைசலையும் இழுப்பையும் மிச்சச் சிரிப்பையும் நாக்கில் எடுத்து வைத்தேன். "ஆவுடைத்தங்கம்."

அதுதான் முதல் தடவை. வாய்க்குள் சீனி விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு கேள்வி கேட்கமாட்டாரா என்று இருந்தது.

"தெரு?"

"கம்மாக்கரைத் தெரு. வேப்பமரம் நிக்கிற வீடு. வாசல்ல மோட்டார் கெடக்கும்." கேட்காததையும் சொன்னேன். நிறுத்த மனசில்லை.

"வீட்டு ஆளைக் கூப்பிடுங்க."

நின்றேன். உள்ளே மின்விசிறி சுற்றுவது கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "ஏ தாயி, வேகமாக் கூப்பிடு. செத்தும் லைன்ல நிக்க வேண்டிருக்கு" என்று முனகினார்.

"என்னம்மா, தொண்டை கட்டிருச்சா?" என்றார் கோமதிநாயகம். "நேத்து மழையில நனைஞ்சிட்டு வந்தீங்களே, அப்பவே நெனச்சேன்."

எங்கள் ஊரில் ஆடி போய் ஆவணி வந்தும் ஒரு தூறல் இல்லை. "நேத்து வந்தேனா?" என்று அம்மா சத்தத்தில் கேட்டேன்.

"மழை பெய்ஞ்சா நீங்க வராம இருப்பீங்களா?"

"வந்து எப்படிக் கூப்பிட்டேன்?"

செத்தவர்களுக்கு மறதி உண்டு. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, துவாரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கூப்பிட்டார்.

"ஏ வெங்கலத்தொண்ட... வந்துட்டியாடா..."

கோமதிநாயகம் சாருக்கு உப்புத்தாள் தேய்க்கிற மாதிரிக் குரல். ஆனால் கடைசி இழுப்பு அவருடையது இல்லை. அதற்குப் பின்னால் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் கிடந்தது.

"வந்துட்டேம்மா" என்றேன். என் சத்தத்தில். அதை நான் எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. கொஞ்சம் தூசியாக இருந்தது.

"யாரு அது கூட?"

அவசரமாக அம்மா சத்தத்துக்குப் போனேன். "எம் பையன்."

"அவனா! கூட்டிட்டு வந்துட்டீங்களா?" கோமதிநாயகம் சாருக்கு நிஜமாகவே சந்தோஷம். "அப்ப இன்னைக்குத் தேட வேண்டாம்லா?"

"எதை?"

"என்னம்மா நீங்க? வரும்போதெல்லாம் இறப்புப் பதிவுல எம் பையன் பேரு இருக்கா பாருங்கன்னுதானே கேப்பீங்க. நானும் ஒண்ணு விடாமத் தேடிட்டு, இல்லம்மான்னு சொல்லுவேன். சந்தோசமாப் போவீங்க. அவன்தான் பக்கத்துலயே நிக்கானே, இன்னைக்கு எதுக்கு?"



"இல்ல" என்றேன் அவள் சத்தத்தில். "எதுக்கும் ஒருக்க பாத்துருங்க."

தாள்கள் புரண்டன. அவர் நிதானமாகத் தேடினார்.

"இல்லம்மா. எங்கயும் இல்ல."

"சந்தோசம்" என்றேன். அதைச் சொன்னது நானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. "என்னோட சர்ட்டிபிகேட்டு?"

"அதைத்தான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே. ஒவ்வொரு தடவையும் நீட்டுதேன், வாங்கமாட்டேங்கீங்க. வாங்கிட்டா கார்டுல சீனி நின்னு போயிரும், அவனுக்குக் காப்பி நல்லா இனிச்சுக் கெடக்கணும்னு சொன்னது நீங்கதானே? இப்ப வேணுமா?"

யோசித்தேன். அவள் அத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னதை, அவள் சத்தத்தில் நான் எப்படி வேண்டும் என்று கேட்பது?

"வேண்டாம்" என்றேன்.

"நெனச்சேன். இந்தாங்க, நேத்து விட்டுட்டுப் போனது." துவாரத்தின் வழியாக ஒரு கறுப்புக் குடை வெளியே வந்தது. வளைந்த மரப்பிடி. பிடியிலிருந்து முனைவரைக்கும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வெயிலில் நடந்தேன். கம்மாக்கரைத் தெரு வரைக்கும் எனக்குப் பின்னால் ஈரக்கோடு வந்தது. கடைவாயில் இருந்ததைத் துப்பவில்லை, விழுங்கவும் இல்லை.

அப்பா குடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்க போனாலும் விட்டுட்டு வந்திருவா" என்றார். சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வற்றலை அள்ளி உள்ளே வைத்துவிட்டு, உலரட்டும் என்று குடையை விரித்துக் கொடிக்கம்பியில் மாட்டினார்.

குடைக்கு அடியில் மட்டும் மழை பெய்ய ஆரம்பித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் போய் நின்றுகொண்டேன். அப்பா சீனி டப்பாவைத் திறந்து, மூன்று டம்ளர் காப்பி போட்டார்.