தம்பியிடம் இருந்த மடி

மூலத்துக்கு அறுவை செய்யும் முன் நோயாளியின் உட்காரலைக் கழற்றி, கூட வந்தவரிடம் கொடுத்துவிடுவது அந்த ஊர் ஆஸ்பத்திரியின் வழக்கம். உடம்பிலேயே விட்டுவைத்தால் அது பழக்கதோஷத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்துவிடும். புண் ஆறியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பொன்னுரங்கம் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர், தங்கை மகளின் காதுகுத்துக்காகத்தான் கத்திக்குச் சம்மதித்தார். தங்கை கோமளாவுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த குழந்தை. மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவருக்கோ பிள்ளை கிடையாது.

அவருடைய உட்காரல் கனமானது, நன்றாகப் பழகியது. தம்பி தவசியப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். அவனுக்குத் துணிக்கடையில் வேலை. அங்கே விற்பவர்கள் உட்காரக் கூடாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்டுவான். தனக்கென்று ஓர் உட்காரல் இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அறுவைக்குப் பிறகு, தினமும் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவேண்டும் என்றார் டாக்டரம்மா. உட்காரல் தம்பியிடம் இருந்ததால் தம்பிதான் உட்கார்ந்தான். அண்ணன் பக்கத்தில் நின்றார். தம்பி கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருக்க, அண்ணனுக்குப் புண் ஆறியது.

காதுகுத்துக்கு முதல்நாள் பொன்னுரங்கம் போய்க் கேட்டார். தவசியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீங்க முப்பது வருசம் உட்கார்ந்தாச்சுங்ணா. நான் இப்பத்தான உட்கார்ந்தேன்."

பொன்னுரங்கம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இவ்வளவு அழகாக ஆறிய புண்ணைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். எடுப்பதுதான் தங்கள் வேலை, திரும்ப வாங்குவது வீட்டு விஷயம் என்று அனுப்பிவைத்தார்.

குலதெய்வக் கோயிலில் தவசியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பொன்னுரங்கம் தேங்காய்த் தட்டோடு பின்னால் நின்றார். பிறந்ததிலிருந்து தூங்கிப் பழகிய மடி என்பதால், ஆசாரியின் ஊசி இறங்கியபோதுகூடக் குழந்தை அழவில்லை.

"மடி பெரியண்ணனுதுதான? பிள்ளைக்குத் தெரியுது பாருங்க" என்றாள் கோமளா. எல்லாரும் ஆமாம் என்றார்கள். பொன்னுரங்கமும் ஆமாம் என்றார். குழந்தையின் கனம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு பந்தி போட்டார்கள். அவருக்குச் சுவரில் ஆணி அடித்து இலையை மாட்டினார்கள். சோற்றைப் பரப்பி, நடுவில் குழி பறித்து ரசம் ஊற்றினார்கள். ஒரு சொட்டும் வழியவில்லை. பொன்னுரங்கம் கொஞ்சம் உப்புக் கேட்டார்.