பதினாலாம் இலக்கத் தரிப்பிடம்

கடிதம் திங்கட்கிழமை தபால்பெட்டிக்குள் கிடந்தது. செல்வமலர் லிப்ற் வரும்வரைக்கும் நின்றபடியே வாசித்தாள். நோர்வேயின் அம்மருட்டில் அந்தக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில் அவள் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். இத்தனை காலத்தில் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து அவளுடைய பெயருக்கென்று தனியாக ஒரு கடிதம் வந்ததில்லை.

பதினாலாம் இலக்கத் தரிப்பிடத்தில் நிற்கும் "பாவனையில் இல்லாத பழைய வாகனம்" ஒயில் ஒழுக்கி நிலத்தைப் பழுதாக்குகிறதாம். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களை வெளித் தரிப்பிடங்களில் விடக் கூடாது என்று அடுத்த திங்கட்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் ஒரு விதி வரப்போகிறதாம். அதற்கு முன்னமே அவளாக எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லதாம். கீழே சங்கத் தலைவர் ஓய்ஸ்தைனின் கையெழுத்து.

அந்த வாகனம் 1966ஆம் ஆண்டு வொல்வோ அமேசான். வெளிர் நீலம். விளம்பரமொன்றைப் பார்த்து, ஹாமாருக்கு ரயிலில் தனியாகப் போய், ஓட்டிக்கொண்டு வந்தாள். நாலு வருடமாகிறது. காலையில் சோக்கை இழுத்து, இரண்டு தரம் பெடலை மிதித்து, திறப்பைத் திருப்பினால் ஒரு செருமல் செருமிவிட்டு எழும்பிவிடும். குரோருட்டில் ஒரு பாலர் பாடசாலையின் சமையலறையில் அவளுக்கு வேலை. வேலைக்கும் அதில்தான் போவாள். ஆனால் ஓய்ஸ்தைன் எழும்புகிற நேரத்துக்கு முன்னம் போய், அவர் வேலையால் வருவதற்கு முன்னம் திரும்பிவிடுவதால், அவர் பார்க்கிற நேரமெல்லாம் கார் நின்றபடியே நின்றது.

அவளுடைய கணவர் குகதாசன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னனான். வித்துப்போட்டு எல்லாரையும் போல ஒரு பற்றறிக் கார் எடுப்பம். இவங்களோடை எங்களுக்கு என்னத்துக்குச் சண்டை?"

"சண்டை ஆர் தொடங்கினது? கடிதம் நான் எழுதேல்லை."

"வந்த இடத்திலை கொஞ்சம் பணிஞ்சு போனா என்ன குறையும் உமக்கு?"

"முப்பத்திமூண்டு வரியமா வந்த இடமெண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறியள். எப்ப வந்து முடியிறது?"

அவர் ரீவியைப் போட்டார்.

அன்று பின்னேரமே செல்வமலர் குரோருட் தமிழ்க் கடைக்குப் போனாள். கருவேப்பிலை, முருங்கைக்காய், ஒரு மூட்டை அரிசி. பிறகு கடைக்காரனிடம், மாம்பழம் வந்த காட்போட் பெட்டிகளில் ஏழு தரச் சொன்னாள்.

"வீடு மாறுறியளோ அக்கா?"

"இல்லை. மாற மாட்டன்."

வீட்டுக்கு வந்து பெட்டியொன்றைப் பிரித்து, காரின் எஞ்சினுக்கு நேர் கீழே விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தாள். மூலையில் தேதியை எழுதினாள். அடுத்த நாள் விடிய இழுத்துப் பார்த்தபோது, மட்டையின் நடுவில் உள்ளங்கையளவு கறுப்பாய் நனைந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டாள். மணந்து பார்த்தாள். தண்ணீர். இரவு பெய்த மழை மட்காட்டால் வடிந்திருக்கிறது. காய்ந்ததும் அந்த இடத்தில் ஒரு அடையாளமும் இருக்கவில்லை.

அந்தக் கிழமை அவள் எங்கே போனாலும் காரிலேதான் போனாள். தரிப்பிடத்தால் வெளிக்கிடும்போது வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிடத்தின் முன்பக்கத்தால் போனாள். செவ்வாய்க்கிழமை தபாற்கந்தோரில் அனுப்ப வேண்டிய பார்சல். புதன்கிழமை குகதாசனின் பிறசர் குளிசை. அன்றைக்கு அவரும் கூட வந்தார், பஸ் தவறிப்போனபடியால்.

மருந்துக்கடை வாசலில், நாயோடு நின்ற ஒரு நோர்வேக்காரர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு நேரே குகதாசனிடம் போனார்.

"என்ன அழகு! எத்தனையாம் ஆண்டு?"

குகதாசன் மனைவியைப் பார்த்தார்.

"அறுபத்தாறு," என்றாள் செல்வமலர், ஸ்ரேறிங் பக்கத்திலிருந்து. "எஞ்சின் பழசுதான். மாற்றவில்லை. கார்பரேற்றர் இரண்டையும் நான்தான் கழட்டித் துப்பரவாக்கினேன்."

அந்த மனிதருக்கு அவளைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உங்கள் நாட்டில் உங்கள் அப்பா இப்படியொரு கார் வைத்திருந்தாரோ?"

"இல்லை. அப்பாவிடம் சைக்கிள் இருந்தது. எனக்கு இந்தக் கார் பிடித்தது, வாங்கினேன்."

அவர் இன்னும் ஏதோ கதையை எதிர்பார்த்து நின்றார். அவளிடம் வேறு கதை இல்லை. ஒரு நோர்வேக்காரி பழைய கார் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை என்று நினைத்தபடி கியரைப் போட்டாள். குகதாசன் கொஞ்சத் தூரம் போனபிறகு, "அந்தாள் நாயையும் மறந்துபோய் நிண்டது," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை பழைய மெத்தையொன்றை மேலே கட்டிக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்காமல் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற சிநேகிதி பூமணியிடம் சாறிச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனாள். பூமணி பல்கனியிலிருந்தே, "இன்னும் அந்தத் தகரத்தை விடேல்லையோடி?" என்று கத்தினாள். "தகரம் உன்ரை கார். இது இரும்பு," என்று இவளும் கீழே நின்று கத்தினாள்.

திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். ஐம்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். செல்வமலர் ஏழு மட்டைகளையும் கயிற்றால் கட்டிக் கையிலே கொண்டு போனாள். குகதாசன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் கூட்டத்துக்கு வந்ததே அதிசயம்.

ஓய்ஸ்தைன் விதியை வாசித்தார். தனிப்பட்ட யாரையும் குறிவைக்கவில்லை என்றும் சொன்னார். செல்வமலர் எழும்பினாள்.

"முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கார் அந்தத் தரிப்பிடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. அது என்னுடையது. அதனால் என்னைத்தான் சொல்கிறீர்கள்."

அவள் மட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"பாவனையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமை நூற்றுநாற்பது கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். ஒயில் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தாங்கோ ஏழு இரவு." நோர்வே மொழியில் பேசிக்கொண்டு வந்தவளுக்கு 'இந்தாங்கோ' மட்டும் தமிழில் வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, மட்டைகளை அவருடைய மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

ஓய்ஸ்தைன் இரண்டைப் புரட்டிப் பார்த்தார். "இவற்றை நீங்களே வைத்து நீங்களே எடுத்திருக்கிறீர்கள். இதை எப்படி நம்புவது?"

"சரி. இன்றைக்கு நீங்களே வையுங்கள். என்னுடைய காருக்கு மட்டும் இல்லை, அங்கே நிற்கிற எல்லாக் காருக்கும் கீழே வையுங்கள். காலையில் நானும் வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். எது ஒழுகுகிறதோ அது வெளியே போகட்டும். என்னுடையது ஒழுகினால் நானே கொண்டுபோகிறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீசல் கார் வைத்திருக்கிற இரண்டு மூன்று பேர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், இது வயதைப் பற்றிய விதியா, ஒயிலைப் பற்றிய விதியா என்று கேட்டாள். ஓய்ஸ்தைன் விதியை வாக்கெடுப்புக்கு விட்டார்.

விதிக்கு ஆதரவாகப் பதினொரு கை. எதிராகக் கைகள் எழும்பத் தொடங்கியதும் செல்வமலர் பின்னால் திரும்பிப் பார்த்தாள். குகதாசனின் கை தோளளவில், தலை சொறியப் போனது போல, நின்றது.

"இஞ்சாருங்கோ, நேரா உயர்த்துங்கோ!" என்றாள் மண்டபத்துக்கே கேட்க.

அவர் முகம் சிவந்தது. கையை முழுதாக நீட்டினார். எண்ணி முடிக்கும்வரைக்கும் இறக்கவில்லை. முப்பத்தேழு.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கப் போக அவள் காரை எடுத்தபோது ஓய்ஸ்தைன் நடந்து வந்தார். ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"அழகான கார்தான். அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை."

"மறுத்திருந்தாலும் இங்கேதான் நின்றிருக்கும்," என்றாள் செல்வமலர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நான் திருப்ப வேண்டும்."

அவர் தள்ளி நின்றார்.