எருமையின் எடை

எருமை என்ற சண்டை ரோபோ தோற்கத் தோற்க எடை குறைந்தது. உடைந்து விழுந்த பாகங்களால் அல்ல. அவற்றையெல்லாம் பொறுக்கி வந்து திரும்பப் பற்றவைத்த பிறகுதான் குறைந்தது. அதைக் கட்டியவள் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். பழைய மெஷின் ஒன்றின் டிரம்மைக் கழற்றி, வெளிப்பக்கம் இரும்புப் பற்கள் வைத்து, நாலு சக்கரத்தின் மேல் படுக்கப்போட்டிருந்தாள். டிரம் முழு வேகத்தில் சுழன்றால் எதிரே நிற்கிற எந்தத் தகடும் கிழியும். பட்டறையில் கிழிந்தது. போட்டி அரங்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் மட்டும், அது வேகம் பிடிப்பதற்குள் எவனாவது வந்து மோதிச் சுவரோடு சாத்திவிடுவான்.

முதல் வருடம் நூறு கிலோ இருந்தது, தோற்றது. அடுத்த வருடம் கூடுதலாக ஒரு தகடு அடித்தாள், எண்பது என்றது தராசு. தராசைத்தான் முதலில் திட்டினாள். பிறகு மோட்டாரைப் பெரிதாக்கினாள், அச்சைத் தடிமனாக்கினாள். நாலாவது தோல்விக்குப் பிறகு எருமையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டறையின் மறுபாதியில் மின்விசிறிகளுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் அவள் அண்ணனுக்கு மானம் போயிற்று.

"விட்டுத் தொலை. கடைக்கு வர்றவனெல்லாம் சிரிக்கிறான்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். அதுக்குத்தான் எடை குறைஞ்சது, எனக்கு ஒண்ணும் குறையல."

போட்டிக் குழுவினர் நல்லவிதமாகவே சொல்லிப் பார்த்தார்கள். சின்ன எடைப் பிரிவுக்குப் போனால் அந்த டிரம்முக்கு முன்னால் ஒருவனும் நிற்க மாட்டான், கோப்பையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாதிரி. அவள் கேட்கவில்லை. "என்னைத் தோற்கடிச்சவங்க இங்கதானே இருக்காங்க? அங்க போய் யாரை அடிக்கிறது?" அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் ஒரு தோல்வி, அதோடு ஆயுசுக்கும் அரங்கின் வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்த வருடம் தராசு பூஜ்யம் காட்டியது. எடை பார்க்கிறவர் தராசைத் தட்டிப் பார்த்தார், தானே ஏறி நின்றார், தன் எடையைக் கண்டு முகம் சுளித்தார், இறங்கினார். நூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி; தாண்டவில்லை. எருமையின் முதுகில் முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்.

எதிரே நின்றது நடப்பு சாம்பியன், பெயர் தூக்கி. முன்னால் ஒரு இரும்புப் பலகை, காற்றழுத்தத்தில் படாரென்று எம்பும். அதனிடம் சிக்கியவை குப்புற விழுந்து, பத்து எண்ணுவதற்குள் எழ முடியாமல் தோற்பதுதான் வழக்கம். அவள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். இது போனால் வேறு வாசல் இல்லை. மணி அடித்தது. தூக்கி நேராக வந்தது, பலகையை அடியில் கொடுத்தது, எம்பியது. எருமை மேலே போயிற்று. கீழே வரவில்லை.

கூண்டின் கூரையில் தலைகீழாகச் சக்கரம் பதித்து நின்றது. நடுவர் எண்ணத் தொடங்கினார். அது ஓட ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார். தூக்கி கீழேயிருந்து வெறும் காற்றை எம்பி எம்பி உதைத்தது. மேலே மோத யாருமில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக டிரம்முக்கு வேகம் பிடிக்க நேரம் கிடைத்தது. அதன் ஊளை காதைப் பிளக்கும்வரை காத்திருந்து, அவள் எருமையைச் சுவர் வழியாகக் கீழே ஓட்டி வந்து, தூக்கியின் முதுகில் வைத்தாள். பலகை ஒரு மூலைக்கும் மோட்டார் ஒரு மூலைக்கும் போயின. பத்து எண்ணி முடித்தார்கள். அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

வெளியே வரும்போது எருமை பறந்துவிடாமல், பார்க்க வந்திருந்த அண்ணன் தன் பெல்ட்டைக் கழற்றி அதன் அச்சில் மாட்டிப் பிடித்துக்கொண்டான், மறு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு. குழுத் தலைவர் பின்னாலேயே வந்தார்.

"அடுத்த வருஷம் குறைஞ்சபட்ச எடைன்னு ஒரு விதி வருது, சொல்லிட்டேன்."

"வரட்டும். என் பேரை இப்பவே எழுதிக்குங்க. பெரிய பிரிவுலயே."

இப்போது எருமை பட்டறைக் கூரையில் தலைகீழாக நிற்கிறது. மெஷின் கொண்டுவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது, சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள்.