மூன்றாவது வரிசைச் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கப் போகிற ஒரு டிவி தொடருக்காக எல்லப்பன் நாற்பது நாளாகக் காத்துக்கொண்டிருந்தார். தொடர் பார்க்கிற ஆளே இல்லை அவர். மாமியார் விஷம் வைப்பதும் மருமகள் பாலை மாற்றி வைப்பதும் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று சேனலை மாற்றுகிற ரகம். அப்படிப்பட்டவர், 'நாலாம் நம்பர் ஃப்ளோர்' என்ற இந்தத் தொடரின் முன்னோட்டத்தை மகள் மதிவதனியின் போனில் ஒரு நாளைக்குப் பத்து தடவை போடச் சொல்லி அவள் உயிரை வாங்கினார்.

முன்னோட்டம் நாற்பது விநாடி. அதில் இருபத்தோராவது விநாடியில், ஒரு எடிட்டிங் அறையின் திரையில், ஒரு பெண் வாய் நிறையச் சிரிக்கிறாள். கண் சிமிட்டினால் போச்சு. அந்தப் பெண் அவருடைய மனைவி சின்னப்பொண்ணு. மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

எல்லப்பன் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கழனி கைவிட்டுப் போகுமுன்பே ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். கார் கதவுக்கான தகடுகளை ஓங்கி அடித்து நெளிக்கிற இடம் அது. பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பான்களை மற்றவர்களைப் போலவே அவரும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஐம்பத்து நான்கு வயதில் காது முக்கால்வாசி போய், வாயசைவைப் படிக்கிற பழக்கம் மட்டும் மிச்சமாக நின்றது. இப்போது அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார்கள். வீட்டில் மதிவதனி அவர் முகத்துக்கு நேராகத் திரும்பித்தான் பேசுவாள். கோபம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

சின்னப்பொண்ணு டிவிக்குப் போனது பூமாரியால். பென்னலூர் பூமாரிக்குத் தொழிலே ஆள் சேர்ப்பதுதான். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்டுடியோக்களில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும், கூட்டமாக உட்கார்ந்து கைதட்ட ஆள் வேண்டும். பூமாரி ஒரு வேனை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, பிள்ளைப்பாக்கத்தில் பத்து பேர், பென்னலூரில் பத்து பேர் என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். 'கெக்கே பிக்கே' என்ற சிரிப்பு நிகழ்ச்சிக்கு மூன்று வருடம் சின்னப்பொண்ணு அப்படிப் போய்வந்தாள். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. அந்த நிகழ்ச்சியில் யார் என்ன ஜோக் சொன்னாலும், அடுத்த நொடி திரையில் சின்னப்பொண்ணு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வழிய, தெத்துப்பல் தெரியச் சிரிப்பாள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷி. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தெத்துப்பல்லுக்கு வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் போட்டோவில்கூட வாய் இறுக மூடியிருக்கும்.

"இன்னா ஜோக்குக்கு அப்டி சிரிச்ச?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"அதான் இன்னா ஜோக்குன்றேன்."

"ஞாபகம் இல்ல, வுடு."

விடுவாரா? அடுத்தடுத்த ஞாயிறுகளில் டிவியை ஒட்டி உட்கார்ந்து, நிகழ்ச்சியை நடத்துகிற காமெடி நடிகனின் வாயையே பார்த்தார். அவனோ மேடையில் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைகிறவன். பாதி பேச்சை முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான். ஒன்றும் பிடிபடவில்லை. கம்பெனி கேன்டீனில் கேட்ட ஒரு ஜோக்கை வீட்டுக்குச் சுமந்துவந்து சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தார். நடுவில் மறந்துபோய் முடிவை முதலில் சொல்லிவிட்டார். சின்னப்பொண்ணு "ம்" என்று குழம்பை ஊற்றினாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு வாய் தவறியது. "எவனோ ஒருத்தன் முன்னாடி பல்ல இளிக்கத் தெரியுது. கட்னவன் வூட்ல மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருப்ப" என்றார். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடுத்த மாதத்திலிருந்து வேனில் ஏறவில்லை. ஆனாலும் திரையில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எடுத்து வைத்த சிரிப்பைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள் போலிருக்கிறது என்று எல்லப்பன் நினைத்துக்கொண்டார். அவள் செத்த பிறகும் ஏழெட்டு மாதம் ஞாயிறு தவறாமல் சிரித்தாள். குழந்தை ஐஸ் வண்டிக்குக் காத்திருப்பதுபோல அவர் அந்த ஒரு நொடிக்காக டிவி முன் உட்கார்ந்திருப்பார். பிறகு ஏதோ வழக்கு என்று நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். யூடியூபில் இருந்த பழையவற்றையும் எடுத்துவிட்டார்கள். மதிவதனி எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. வாய் மூடிய போட்டோக்கள்தான் வீட்டில் இருந்தன.

நாற்பது நாளைக்கு முன்னால் பூமாரி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"அண்ணே, அந்த காமெடி ஷோவுக்குப் பின்னாடி இன்னா நடந்துச்சுன்னு புதுசா ஒரு சீரியல் எடுத்துக்கீறாங்க. பழைய டேப்ல இருந்து நம்ம பொண்ணுங்க சிரிச்சதயும் போடப்போறாங்களாம். மூஞ்சி காட்றதுக்கு வூட்டாளுங்க கையெழுத்து வேணுமாம்" என்றாள், அவர் முகத்துக்கு நேராக நின்று.

எல்லப்பன் பேனாவைத் தேடிக்கொண்டே, "எந்த ஜோக்குக்குச் சிரிச்சான்னும் காட்டுவாங்களா?" என்று கேட்டார்.

பூமாரி என்னவோ சொல்ல வாயெடுத்து, "எல்லாந்தான் காட்டுவாங்கண்ணே" என்று முடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. ஸ்டோருக்கு போல்ட் வாங்க வந்தவனிடமெல்லாம், "ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணி, மறந்துடாத" என்றார். மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்: "அவளைச் சிரிக்க வச்சது இன்னான்னு தெரிஞ்சா போதும்மா. என்னாலதான் முடியல. எவனால முடிஞ்சுதுன்னாவது பாத்துக்கறேன்." மதிவதனி போன் தயாரிக்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள். அந்த ஞாயிறு ஓ.டி. வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு விடுப்பு வாங்கினாள்.

அந்த ஞாயிறும் வந்தது. பதினோரு மணிக்கே பூமாரி வந்துவிட்டாள். எல்லப்பன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தொடரின் நாயகன் ஓர் எடிட்டர். காமெடி நடிகர் சொன்ன ஜோக் ஒன்றும் எடுபடவில்லை. எப்படியாவது சிரிப்பை ஒட்டிக் காப்பாற்று என்று முதலாளி அவனை விரட்டுகிறார். அவன் பழைய டேப்பைத் தேடி எடுத்துப் போடுகிறான். அந்த எடிட்டிங் அறைத் திரையில் பார்வையாளர் கூட்டம் தெரிந்தது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாவது வரிசை ஓரத்தில் பச்சைப் புடவையில் சின்னப்பொண்ணு.

எல்லப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

கேமரா திரும்பி மேடையைக் காட்டியது. மேடையில் நடிகனைக் காணோம். ஒரு ஆள் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கீழே ஒரு பையன் கையைத் தூக்கி, "எல்லாரும் ரெடியா? மொதல்ல சின்ன சிரிப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றான். கூட்டம் சிரித்தது. "இப்ப பெரிய சிரிப்பு!" கூட்டம் பெரிதாகச் சிரித்தது. "இப்ப கண்ணுல தண்ணி வரணும்!"

எல்லப்பன் பூமாரியைத் திரும்பிப் பார்த்தார். "ஜோக் எங்க?"

பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நினைவு வந்து, அவருக்குத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தினாள். "ஜோக்கே கெடையாதுண்ணே. காலையில வெறும் சிரிப்ப மட்டும் எடுத்துட்டு எங்களை அனுப்பிடுவாங்க. அந்த நடிகரு சாயங்காலந்தான் வருவாரு. நாங்க யாரும் அவர நேர்ல பாத்ததே இல்ல. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் மறுபடி திரைக்குத் திரும்பினார். அங்கே சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களுக்குச் சிரிப்பு இடையிடையே அறுந்தது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். சின்னப்பொண்ணு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, நிஜமாகவே சிரித்தாள். அந்தப் பையன் அவள் பக்கத்தில் வந்து, "அக்கா, நாங்க ஒண்ணுமே சொல்லல, நீங்க மட்டும் எப்டிக்கா இப்டி சிரிக்கிறீங்க?" என்று கேட்டான்.

சின்னப்பொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். சரியாக அந்த இடத்தில் வயலினை ஏற்றிவிட்டார்கள். எடிட்டர் நெகிழ்கிறானாம். அவள் குரல் இசையில் முழுகிவிட்டது. மதிவதனி "ஐயோ" என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். சத்தம் கூடினால் வயலின்தான் கூடியது. அவளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனவள் இல்லை அம்மா. ஆனாலும் அந்தக் குரலை மூன்று வருடம் கழித்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

எல்லப்பனுக்கு வயலினும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவர் சின்னப்பொண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நேராக, வெளிச்சத்தில், பெரிதாக இருந்தது. பிரஸ் ஷாப்பில் எதிர் மெஷின்காரன் சொல்வதைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஒத்த ஷூ போட்டுக்கினு வேலைக்குப் போனாரு ஒரு நாளு. அத நெனச்சிக்குவேன்."

அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, சிரிப்பு அடங்கிய முகத்தோடு சொன்னாள்: "அன்னிக்கு சிரிக்க வுடல. அதான் இங்க வந்து சிரிச்சிக்கிறேன்."

அதோடு காட்சி மாறி விளம்பரம் வந்துவிட்டது. எல்லப்பன் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மதிவதனி அவர் முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"அப்பா, அம்மா இன்னாப்பா சொன்னாங்க? உனக்குத் தெரிஞ்சுதில்ல?"

இந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று அவரே தடை போட்டிருந்த கதை அது. ஊரில் அவருக்கு 'ஒத்த ஷூ' என்று பட்டப்பெயர் இருப்பது மகளுக்குக்கூடத் தெரியும், காரணம் தெரியாது.

"வேலைக்குச் சேந்த மொத வாரம்மா" என்று ஆரம்பித்தார். "இரும்பு மூக்கு வச்ச ஷூ குடுத்தாங்க. அதுக்கு முன்ன ஷூவ நான் கண்டனா? ஊரு பாக்கட்டும்னு கழட்டாம வரப்பு மேலயே வந்தேன். வழுக்கிச்சு. ஓட்டிப் போட்ட சேத்துல ரெண்டு காலும் முட்டி வரைக்கும் போயிடுச்சு. இழுத்தா கால் வருது, ஷூ வரல. நானும் உங்கம்மாவும் மம்மட்டி எடுத்துக்கினு போய்த் தோண்டினோம். ஒண்ணுதான் ஆப்டுச்சு. மறுநாள் லீவு போட்டா வேலை போயிடுமோன்னு பயம். ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ரப்பர் செருப்பு. அப்டியே போய் கம்பெனி கேட்டுல நின்னேன்."

எழுந்து நின்று, ஒரு காலை அழுத்தியும் ஒரு காலை இழுத்தும் நடந்து காட்டினார். "டக்கு, சர்ரு. டக்கு, சர்ரு. சூப்பர்வைசர் தொரத்திட்டான். அப்டியே ஊருக்குள்ள திரும்பி வரேன், கழுத்துல ஐ.டி. கார்டு தொங்குது. உங்கம்மா வாசல்ல நின்னு பாத்தா. பாத்துட்டு சிரிச்சா பாரு, கதவு நெலைய புடிச்சுக்கினு உக்காந்துட்டா. இப்ப டிவில சிரிச்சாளே, அதே சிரிப்பு."

நின்றுவிட்டார்.

"ஊரு சிரிக்குது, நீயுமாடி பல்லக் காட்றன்னு கேட்டேன். இனிமே என் எதிர்ல சிரிச்சின்னா பல்ல தட்டிடுவேன்னேன். ஒரே ஒரு வாட்டிதாம்மா சொன்னேன். சொன்னத நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

பூமாரி முகத்தை மூடிக்கொண்டாள். மதிவதனி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அப்பா எதிரில் சிரித்தாலும் அழுதாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். எல்லப்பன் இத்தனை வருடம் அதைப் பார்த்ததுண்டு, இன்றைக்குத்தான் கவனித்தார். குனிந்து அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

பிறகு மறுபடியும் டக்கு, சர்ரு என்று அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து காட்டினார். கதவருகே போய்த் திரும்பி, இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிரிங்களேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.